பிரிக்கப்படாத கேபிள்

லெலிஸ்டாட் ஊருக்கு வெளியே,
கடலைத் தள்ளிவிட்டு எடுத்த மண்ணில்
ஒரு வண்டி முற்றம்.
குத்தகை முடிந்த கார்கள் வந்து நிற்கும்.

சித்ஸ்கே தேய்ஸ்ட்ரா கீறல்களை எண்ணுகிறவள்.
டயரில் எத்தனை மில்லிமீட்டர் மீதம்,
பின்னிருக்கையில் நாய்முடி உண்டா,
எல்லாம் படிவத்தில் ஏறும்.
டிக்கியைத் திறந்தாள்.

தரைப்பலகைக்கு அடியில்
சுருண்டு கிடந்தது சார்ஜ் கேபிள்.
தொழிற்சாலை சுற்றிய பிளாஸ்டிக் உறை
அப்படியே.
நாலு வருடம்,
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
காலையிலிருந்து இது மூன்றாவது.

பெட்ரோல் அட்டை கம்பெனியுடையது,
வீட்டு மின்கட்டணம் தன்னுடையது.
ஃபான் ஹௌவெலிங்கன், விற்பனை மேலாளர்,
கணக்குத் தெரிந்த மனிதர்தான்.

அவள் கோபப்படவில்லை.
வண்டிக்காகக் கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
மனிதரைத்தான் ஏசுவார்கள்;
இந்த வண்டிக்கு அதுவே நடை.
முன்னால் எஞ்சின்,
குடித்தால்தான் வேலை செய்யும், சத்தம் போட்டுச் செய்யும்.
இருக்கைக்கு அடியில் பேட்டரி,
இரவில் சுவரிடம் வாங்கியதைப்
பகலில் மோட்டாருக்கு எண்ணி எண்ணிக் கொடுக்கும்.
பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் அது போதும்.
தூரம் என்றால் மட்டும் மற்றவனை எழுப்பலாம்.

ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
பிரேக் மிதிக்கும்போதெல்லாம்
சக்கரம் சுழற்றிச் சேர்த்த சில்லறையில்
சிக்னலிலிருந்து நாலடி நகர்ந்ததோடு சரி.
மீதி வழியெல்லாம்
இருநூறு கிலோ சும்மா உட்கார்ந்திருக்க
எஞ்சின் சுமந்தது.

போன வாரம் இதற்கு நேர்மாறாக ஒன்று.
பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு பெண்ணுடையது.
தெருமுனைக் கம்பத்தில் தினமும் செருகியிருக்கிறாள்;
டாங்கில் பெட்ரோல் பழசாகிவிடுமே என்று
வண்டியே பயந்து
தானாக எஞ்சினை ஓட்டிக் கொஞ்சம் எரித்திருக்கிறது.

அட்டைப்பெட்டிக் கத்தியால் உறையைக் கிழித்தாள்.
கேபிள் குளிரில் விறைத்திருந்தது,
நேராக மறுத்தது.
கம்பத்தில் ஒரு முனை, வண்டியில் மறுமுனை.
உள்ளே கொக்கி விழுந்தது: டக்.
மூன்றரை மணி நேரம்
பச்சை விளக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எங்க்ஹௌசனில் ஏலக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்.
அணை வழியே இருபத்தேழு கிலோமீட்டர்.
திரை நாற்பத்தாறு தருவதாகச் சொன்னது.
ஹீட்டரைத் தொடவில்லை;
இந்த ரகத்தில் கதகதப்பு கேட்டால்
எஞ்சின்தான் எழுந்து வரும்.
கையுறையோடு ஓட்டினாள்.

இடப்பக்கம் ஒரு ஏரி, வலப்பக்கம் ஒரு ஏரி,
நடுவில் டயரின் ஈர ஓசை மட்டும்.
கற்களில் நீர்க்காகங்கள் சிறகை உலர்த்தின,
ஒன்றுகூடத் திரும்பவில்லை.
எதிர்க்காற்று வாக்குறுதியை மதிக்கவில்லை:
நாற்பத்தாறு, முப்பத்தொன்பது, இருபத்தாறு,
சடசடவென்று பதினேழு.

அணையின் முடிவில் சாலை
கப்பல்களுக்கு வழிவிட்டு நீருக்கு அடியில் இறங்குகிறது.
மலையில்லாத நாட்டில்
இறக்கம் என்றால் அதுதான்.
பெடலிலிருந்து காலை எடுத்தாள்.
திரையில் அம்பு திசை மாறியது;
ஓட்டிய மோட்டாரே
இப்போது சக்கரத்திடம் வாங்கி
பேட்டரிக்குள் போட்டுக்கொண்டிருந்தது.
தலைக்கு மேலே ஒரு பாய்மரப் படகு போயிற்று.

மேலேறும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க,
அழுத்தி மிதித்துவிட்டாள்.
எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது,
கூப்பிட்டாயா என்று கேட்பது போல.
'இல்லை, தூங்கு' என்றாள் டச்சு மொழியில்.
கால் தளர்ந்ததும் தூங்கிவிட்டது.

ஏலக்காரரின் வாசலில் படிவத்தை முடித்தாள்.
உதிரிகள், வரிசை ஒன்பது: சார்ஜ் கேபிள்.
காலையில் 'புதியது' என்று போட்டிருந்தாள்.
அதை அடித்துவிட்டு எழுதினாள்:
பயன்படுத்தியது.
கொஞ்சம் யோசித்து,
ஒருமுறை.